போன் ஆப் திடீரென ஏன் நின்றுபோகிறது? 80 வயது 'உதவாத' கணிதம் சொல்லும் பதில்!

2025 ஜூன் 12. இந்திய நேரப்படி இரவு 11 மணியைத் தாண்டியிருந்தது. ஸ்பாட்டிஃபையில் பாட்டுக் கேட்டபடி படுத்திருந்த பலருக்குப் பாட்டு நின்றது. டிஸ்கார்டில் அரட்டையில் இருந்தவர்களுக்குத் திரை உறைந்தது. ஜிமெயில், மீட் என்று கூகுளின் சொந்தச் சேவைகளும் தள்ளாடின. போனில் கோளாறா, வைஃபையில் கோளாறா என்று ஆளாளுக்கு ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உண்மையான கோளாறு கூகுள் கிளவுடில் இருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பின்னர் கூகுளே அறிக்கையாக வெளியிட்டது. கூகுள் கிளவுடுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் 'இவருக்கு அனுமதி உண்டா, அளவு மீறவில்லையே' என்று பார்த்து உள்ளே விடும் காவலாளி போன்ற மென்பொருள் ஒன்று இருக்கிறது. மே 29 அன்று அதில் புதிதாகச் சில வரிகள் சேர்க்கப்பட்டன. ஜூன் 12 அன்று அதற்கு ஒரு விதிமுறைப் பதிவு வந்து சேர்ந்தது. அந்தப் பதிவில் சில கட்டங்கள் நிரப்பப்படாமல் காலியாக இருந்தன. புதிய வரிகளோ, அங்கே ஏதோ இருக்கிறது என்று நம்பி எடுக்கப் போயின. எதுவும் இல்லை. மென்பொருள் விழுந்தது. எழுந்தது, மறுபடி அதே காலிக் கட்டத்தைப் பார்த்தது, மறுபடி விழுந்தது. அந்தப் பதிவு சில வினாடிகளில் உலகம் முழுக்க நகலாகிவிட்டதால், விழுந்ததும் உலகம் முழுக்கத்தான். காரணத்தை 10 நிமிடங்களுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் பிடித்தது.

காலியான ஒரு கட்டம். அவ்வளவுதான்.

புரோகிராமர்கள் இந்தக் காலியிடத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'நல்'. தமிழில் எழுதிப் பார்த்தால் ஏதோ நல்ல காரியம்போலத் தோன்றும். நன்மையெல்லாம் பெயரில் மட்டும்தான். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வொரு தகவலும் ஒரு முகவரியில் குடியிருக்கிறது. தகவல் வேண்டுமென்றால் முகவரியைக் கொடுத்து எடுத்துவரச் சொல்ல வேண்டும். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'இங்கே யாரும் இல்லை' என்று குறித்துவைப்பதுதான் நல். அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் கதவைத் தட்டப் போகும் புரோகிராம் அங்கேயே சரிந்துவிடும். நீங்கள் ஓர் ஆப்பைத் திறந்ததும் அது பட்டென்று மூடிக்கொள்கிறதே, அதற்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இந்த நல்தான்.

இந்த ஏற்பாட்டை 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற கம்ப்யூட்டர் மொழியில் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 1934-ல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர். தகவல்களை வேகமாக வரிசைப்படுத்தும் 'குவிக்சார்ட்' முறையைத் தந்தவரும் இவர்தான். நல்லைச் சேர்ப்பதற்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. சேர்ப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது, சேர்த்துவிட்டார். 2009-ல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதைத் தன்னுடைய 'பில்லியன் டாலர் தவறு' என்று அவரே சொன்னார். மேதைகள் மேடையேறி இப்படிப் பேசுவது அபூர்வம்.

சரி, இதற்கு மாற்று என்ன? அந்தப் பதிலின் பெரும்பகுதி வந்த இடம்தான் விசித்திரமானது. கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்காத இரண்டு பேர், 1940-களில் உருவாக்கிய ஒரு கணிதம் அது. பெயர், கேட்டகரி தியரி. கணித வல்லுநர்களே அதைச் செல்லமாக 'அரூப அபத்தம்' என்று கேலி செய்வார்கள்.

ஓர் இரவுப் பேச்சு

சாமுவேல் ஐலன்பர்க், 1913-ல் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ல், போலந்தின் மீது ஹிட்லரின் படை பாய்வதற்குச் சில மாதங்கள் முன்பு, அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. இழுத்தாலும் வளைத்தாலும் வடிவங்களில் மாறாமல் நிற்கும் குணங்களை ஆராயும் டோபாலஜி, அவருடைய துறை. 1941-ல் அங்கே சொற்பொழிவு நிகழ்த்த வந்தார் சாண்டர்ஸ் மெக்லேன். இவர் அல்ஜீப்ராக்காரர். மெக்லேன் போட்டுக் காட்டிய ஒரு கணக்கைப் பார்த்ததும் ஐலன்பர்க்குக்குப் பொறி தட்டியது. இதே விடை, கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு டோபாலஜிக் கணக்கிலும் வந்திருக்கிறதே! இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், விடிந்துவிட்டது.

இரண்டு வேறு ஊர்களில் இரண்டு பேர் வேறு வேறு வேலை செய்து ஒரே விடைக்கு வந்தால், அது தற்செயலா, உறவா? உறவு என்றால் அதைத் துல்லியமாக எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விதான் அவர்களைப் பிடித்துக்கொண்டது. போர்க்காலத்தில் இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்கான கணக்குகளைப் போட்டுக்கொண்டே இதையும் வளர்த்தார்கள். 1945-ல் கட்டுரை வெளியானது. கேட்டகரி என்ற சொல்லை அரிஸ்டாட்டிலிடமிருந்தும் கான்ட்டிடமிருந்தும், ஃபங்டர் என்ற சொல்லை கார்னாப்பிடமிருந்தும் 'சுட்டதாக' மெக்லேன் பிற்பாடு ஜாலியாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த விஷயத்தில் இதுவே முதலும் கடைசியுமான ஆய்வுக் கட்டுரையாக இருக்கும் என்றுதான் அப்போது இருவரும் நினைத்தார்களாம். மற்றவர்கள் பேசிக்கொள்ள ஒரு மொழி கிடைத்துவிட்டது, அதற்கு மேல் இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

ஐலன்பர்க்கைப் பற்றி இன்னொரு செய்தி. கலைப்பொருள் வியாபாரிகளிடம் அவர் வேறு விதமாகப் பிரபலம். இந்திய, ஜாவா சிற்பங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அதில் 400-க்கும் மேற்பட்டவற்றை 1987-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கணிதமே தெரியாதவர்களும் அவர் ரசனையை அங்கே போய்ப் பார்க்கலாம்.

அரிசி, மாவு, இட்லி

கேட்டகரி தியரியின் ஆரம்பப் பாடம் உண்மையில் பயமுறுத்தாது. சில புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புகள். அரிசி ஒரு புள்ளி, மாவு ஒரு புள்ளி, இட்லி ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 'ஊறவைத்து அரைப்பது' அரிசியிலிருந்து மாவுக்குப் போகும் அம்பு. 'ஆவியில் வேகவைப்பது' மாவிலிருந்து இட்லிக்குப் போகும் அம்பு. முதல் அம்பின் முனை, இரண்டாம் அம்பின் வால் தொடங்கும் அதே புள்ளியில் முடிவதால் இரண்டையும் இணைக்கலாம். அரிசியை நேராக இட்லித் தட்டில் கொட்டினால்? அந்த அம்புகள் பொருந்தாது. பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விதிகள் மூன்று. முனையும் வாலும் பொருந்தினால் இணைக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 'எதுவும் செய்யாமல் சும்மா இரு' என்று ஓர் அம்பு உண்டு. மூன்று அம்புகளை இணைக்கும்போது முதல் இரண்டை முன்பே சேர்த்தாலும், கடைசி இரண்டை முன்பே சேர்த்தாலும் முடிவு ஒன்றுதான். அவ்வளவே. புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று இந்தக் கணிதம் எட்டிக்கூடப் பார்க்காது. அம்புகளை வைத்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும். ஓர் ஆளைப் பற்றி அவரிடம் கேட்காமல், அவருடைய சொந்தபந்தங்களை விசாரித்தே முழுக்கத் தெரிந்துகொள்வதுபோல!

கம்ப்யூட்டருக்கு இது ஏன் முக்கியம் என்றால், புரோகிராம்கள் பெரும்பாலும் இணைப்பில்தான் உடைகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் சரியாக இருக்கும். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கித் தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. கொடுத்ததும் எண், வாங்கியதும் எண். அதனால் கம்ப்யூட்டர் ஆட்சேபிக்கவில்லை. 'பவுண்டு' ஒரு புள்ளி, 'நியூட்டன்' வேறு புள்ளி என்று எழுதப்பட்டிருந்தால் அந்த அம்புகள் இணையவே மறுத்திருக்கும், அதுவும் விண்கலம் பூமியில் இருக்கும்போதே.

புரோகிராம் எழுதுகிறவர்கள் 'டைப்' என்று சொல்வது இந்தப் புள்ளிகளைத்தான். 'ஃபங்ஷன்' என்பது அம்பு. இந்த ஒற்றுமை வெறும் உவமை இல்லை, கணிதப்படியே உண்மை என்று 1970-களில் காட்டியவர் யோவாக்கிம் லாம்பெக். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்து, சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போனவர். அங்கே அவரையே 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து கனடாவில் ஒரு முகாமில் அடைத்தார்கள். முகாமில்தான் அவருக்குக் கணிதப் பித்துப் பிடித்தது. பின்னாளில் மான்ட்ரியாலின் மெகில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தர்க்கம், புரோகிராம், கேட்டகரி மூன்றும் ஒரே பொருளைப் பார்க்கும் மூன்று கண்கள் என்பது அவர் பெயரையும் சேர்த்து இன்று பாடப்புத்தகங்களில் வழங்கும் முடிவு.

அடம்பிடிக்கும் ஃபங்ஷன்கள்

இங்கே ஒரு சிக்கல். கணிதத்தில் ஃபங்ஷன் என்றால் ரொம்ப ஒழுங்கான பிள்ளை. 5 கொடுத்தால் 25 தரும். நாளைக்குக் கொடுத்தாலும் 25 தரும். புரோகிராமில் இருக்கும் ஃபங்ஷன் அப்படியா? சில நேரம் விடையே தராது. சில நேரம் கடிகாரத்தைப் பார்த்து விடையை மாற்றும். நெட்டில் போய் எதையாவது எடுத்துவரும். போகிற வழியில் வங்கிக் கணக்கில் பணத்தையும் கழித்துவிட்டுப் போகும்.

ஒழுங்கான ஃபங்ஷன்களை மட்டுமே வைத்து ஒரு மொழி செய்தால் என்ன என்று சிலருக்கு ஆசை. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 1987-ல் நடந்த கருத்தரங்கில் இதற்கென்று ஒரு குழு அமைந்தது. 1990-ல் வந்த அந்த மொழியின் பெயர் ஹாஸ்கெல். தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கர்ரியின் நினைவாக வைத்தது. (ஃபங்ஷன்களை வைத்துச் செய்யும் ஒரு வேலைக்கு 'கர்ரியிங்' என்றே பெயர். சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அழகான மொழி. ஆனால், திரையில் ஒரு வரி எழுதுவதும், கீபோர்டில் ஒருவர் தட்டுவதை வாங்குவதும் அதில் பெரும்பாடாக இருந்தது. வெளியுலகத்தோடு பேசினாலே ஒழுங்கு கெட்டுவிடுமே! புரோகிராம் தன் கோரிக்கைகளை ஒரு பட்டியலாக நீட்டும், பதில்கள் இன்னொரு பட்டியலாக வரும் என்று ஏதோ ஒப்பேற்றினார்கள்.

விடை வந்தது, இந்தச் சிக்கலைத் தீர்க்கவே கிளம்பாத ஒருவரிடமிருந்து. எடின்பரோவில் இருந்த இத்தாலியர் யூஜீனியோ மோஜ்ஜி. புரோகிராம் என்றால் கணிதப்படி என்ன பொருள் என்பதுதான் அவர் கவலை. 1989-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: அடம்பிடிக்கும் ஃபங்ஷனை 'ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்பு' என்று பார்க்காதீர்கள். 'ஒன்றிலிருந்து, இன்னொன்று வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குப் போகும் அம்பு' என்று பாருங்கள்.

ஒரு பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். விபத்தில் சிக்கியவரின் போனிலிருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினரைக் கண்டுபிடிக்க வேண்டும். உறவினரிலிருந்து அவர் முகவரி. முகவரியிலிருந்து பின்கோடு. பின்கோடிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரி. நான்கு படிகள். எந்தப் படியிலும் விடை இல்லாமல் போகலாம். உறவினர் பெயரை யாரும் பதிந்திருக்க மாட்டார்கள். பதிந்திருந்தாலும் முகவரி இருக்காது. பழைய பாணியில், ஒவ்வொரு படிக்குப் பிறகும் 'காலியா என்று பார்' என்று எழுத வேண்டும். நான்கில் ஒன்றில் மறந்தாலும் கதை முடிந்தது.

மோஜ்ஜியின் வழியில் ஒவ்வொரு படியும் ஒரு பெட்டியைத் தருகிறது. பெட்டியில் விடை இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். ஆனால், 'காலி' என்பது இங்கே ஒளிந்திருக்கும் பள்ளம் இல்லை. பெட்டியின் மேலேயே 'காலியாக இருக்கலாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. இப்போது அம்புகள் இணையாது. முதல் அம்பு முடிவது 'முகவரிப் பெட்டி'யில், அடுத்தது தொடங்குவதோ 'முகவரி'யில். இந்த இரண்டையும் இணைக்க ஒரே ஒரு விதி போதும்: பெட்டியைத் திற, உள்ளே ஏதாவது இருந்தால் அடுத்த அம்பிடம் கொடு, காலியென்றால் அந்தக் காலிப் பெட்டியையே கடைசிவரை கடத்திவிடு. இந்த விதியை ஒரே ஒரு முறை எழுதினால் போதும். படிகள் நான்கானாலும் நாற்பதானாலும் யாரும் எதையும் மறக்க வாய்ப்பில்லை.

இப்படிப்பட்ட பெட்டிக்கும் அதன் இணைப்பு விதிக்கும் சேர்த்துத்தான் 'மோனாட்' என்று பெயர். இதில் மயங்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பெட்டியில் முடியும் இந்த அம்புகளைப் புதிய விதிப்படி இணைத்தால், முன்பு சொன்ன அதே மூன்று விதிகள் மறுபடியும் செல்லுபடியாகின்றன. அதாவது, அடம்பிடித்த ஃபங்ஷன்கள் இப்போது ஒழுங்கான ஃபங்ஷன்களைப் போலவே நடந்துகொள்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிச் கிளைஸ்லி இதை 1965-லேயே நிறுவிவிட்டார். ஹோர் நல்லைக் கொண்டுவந்த அதே வருடம்! நோயும் மருந்தும் ஒரே ஆண்டில் பிறந்தும், சந்தித்துக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

பெட்டியை மாற்றினால் வேறு வேலையும் நடக்கும். ஒரு விடைக்குப் பதில் பல விடைகள் இருக்கும் பெட்டி. இப்போது காலி, கொஞ்ச நேரத்தில் நிரம்பும் என்று காத்திருக்கும் பெட்டி. வெளியுலகத்தோடு பேசிவிட்டு வரும் பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். மோஜ்ஜியின் கட்டுரையைப் படித்து இதன் வீச்சைப் புரிந்துகொண்டவர், கிளாஸ்கோவில் இருந்த ஃபிலிப் வாட்லர். புரோகிராமர்களுக்குப் புரிகிற மொழியில் அவர் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். சைமன் பெய்ட்டன் ஜோன்ஸுடன் சேர்ந்து, ஹாஸ்கெல் வெளியுலகத்தோடு பேசும் வழியை 1993-ல் வகுத்தார். 1996-ல் அது மொழியின் அதிகாரபூர்வப் பகுதி ஆனது.

கையில் இருக்கும் கேள்விக்குறி

ஹாஸ்கெல் பேராசிரியர்களின் மொழி, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால், சரக்கு மெல்ல வெளியே கசிந்தது. மைக்ரோசாஃப்டில் இருந்த எரிக் மெய்யர், மோனாட் என்ற பெயரை வெளியே சொல்லாமல் அதன் இணைப்பு விதியை 2007-ல் சி ஷார்ப் மொழிக்குள் 'லிங்க்' என்ற பெயரில் கொண்டுவந்து சேர்த்தார். லட்சக்கணக்கானோர் மோனாட் என்று தெரியாமலேயே மோனாட் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்த கதைதான். 2014-ல் ஜாவா மொழி 'ஆப்ஷனல்' என்ற பெட்டியைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட் மொழியில், காலியாக இருக்கக்கூடிய ஒவ்வொன்றின் டைப்புக்குப் பின்னாலும் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். ஆண்ட்ராய்டு ஆப்களுக்கு 2019 முதல் கூகுள் முன்னிறுத்தும் காட்லின் மொழியிலும் அதே கேள்விக்குறி. அதைப் போட்டுவிட்டு, காலியா என்று பார்க்காமல் எடுக்கப் போனால் புரோகிராம் ஓடவே தொடங்காது. ஆப் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, எழுதியவரின் மேஜையிலேயே தவறு பிடிபட்டுவிடும். காட்லினுக்கு மாறிய பிறகு 'கூகுள் ஹோம்' ஆப்பில் இந்த நல் விபத்துகள் 33 சதவிகிதம் குறைந்தன என்கிறது கூகுள்.

எல்லாப் புகழையும் கேட்டகரி தியரிக்கே மாலையாகப் போடுவதும் நியாயமில்லை. 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்ற வகைப் பெட்டி, எம்எல் போன்ற மொழிகளில் ஏற்கெனவே இருந்தது. அது ஏன் ஒழுங்காக வேலை செய்கிறது, பல விடைப் பெட்டியும் காத்திருக்கும் பெட்டியும் ஏன் அதன் உடன்பிறப்புகள் என்பதைக் காட்டியதுதான் இந்தக் கணிதத்தின் பங்கு. வெப்சைட்களில் புழங்கும் ஜாவாஸ்கிரிப்டின் 'பிராமிஸ்'கூட ஏறக்குறைய அதே குடும்பம்தான். விதிகளை முழுக்கக் கடைப்பிடிக்காத, கொஞ்சம் சொல்பேச்சு கேட்காத உடன்பிறப்பு.

இந்த உறவு எவ்வளவு பெரிய வேலைக்கு உதவும் என்பதற்கு ஃபேஸ்புக் ஒரு சாட்சி. அங்கே மோசடிப் பதிவுகளையும் குப்பைச் செய்திகளையும் வடிகட்டும் அமைப்பின் பெயர் சிக்மா. தாங்களே உருவாக்கியிருந்த மொழியைக் கைவிட்டு, சிக்மாவின் விதிகளை ஹாஸ்கெலில் எழுதத் தொடங்கியதாக 2015-ல் ஃபேஸ்புக் அறிவித்தது. வினாடிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை அது பரிசீலித்துக்கொண்டிருந்தது. ஒரு பதிவு மோசடியா என்று பார்க்க, எழுதியவர் யார், நண்பர்கள் யார், இணைப்பு எங்கே போகிறது என்று பல இடங்களிலிருந்து தகவல் எடுக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் தாமதம். இரண்டாவது தகவலுக்கு முதல் தகவல் தேவையென்றால் காத்திருந்துதான் ஆக வேண்டும். தேவையில்லையென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடலாம். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அம்புகள் இணைந்திருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். 'ஹேக்ஸில்' என்ற அவர்களுடைய கருவி அதைப் பார்த்துத் தானாகவே பிரித்துக்கொள்கிறது. விதி எழுதுபவர், சாதாரணமாக வரிசையாக எழுதிவிட்டுப் போனால் போதும்.

புரிட்டோ சாபம்

அப்படியென்றால் புரோகிராம் எழுதும் எல்லாரும் கேட்டகரி தியரி படிக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே நேர்மையான பதில். கேள்விக்குறி போடத் தெரிந்தால் போதும். அதன் பூர்வீகம் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் விளக்கம் சொல்ல வருகிறவர்கள் பலர், கேட்பவரைக் குழப்பிவிட்டே ஓய்வார்கள். மோனாட் என்றால் என்ன என்று விளக்கும் இணையப் பாடங்கள் அத்தனை இருக்கின்றன. விண்வெளி உடை மாதிரி, மெக்சிகோவின் புரிட்டோ மாதிரி என்று உவமைகளுக்கும் குறைவில்லை. கணினி அறிவியலாளர் பிரென்ட் யார்ஜி 2009-ல் இதை அழகாகப் பிடித்தார். ஒருவர் மோனாடோடு பல நாள் மல்லுக்கட்டிக் கடைசியில் புரிந்துகொள்வார். புரிந்த நிமிடத்தில் மனதில் தோன்றிய உவமையே புரியவைத்தது என்று நம்பி, அதை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்வார். மல்லுக்கட்டிய நாட்களை விட்டுவிடுவார். கேட்பவருக்கு எப்படிப் புரியும்? மேலே சொன்ன பெட்டி உவமைக்கும் இந்தச் சாபம் உண்டு. 'வெளியுலகத்தோடு பேசும் பெட்டி'யைத் திறந்து பார்க்க முயன்றால் உவமை கிழிந்துவிடும்.

ஆனால், இந்தக் கணிதத்தைக் கனமான சொற்கள் இல்லாமல் சுவைக்க ஓர் எளிய வாசல் இருக்கிறது. ஒரே ஒரு புள்ளி. எல்லா அம்புகளும் அதிலேயே தொடங்கி அதிலேயே முடிகின்றன. அதனால் எதையும் எதோடும் இணைக்கலாம். இந்தக் குட்டிக் கேட்டகரிக்கு 'மோனாய்டு' என்று பெயர். நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த கூட்டல்கூட மோனாய்டுதான். 'சும்மா இரு' என்ற அம்பின் வேலையை 0 பார்த்துக்கொள்கிறது.

கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-ல் வெளியிட்ட 'மேப்ரெட்யூஸ்' முறை, ஒரு மலையளவு வேலையை ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்து விடைகளைச் சேர்ப்பது. எந்த இரண்டு விடைகளை முதலில் சேர்த்தாலும் முடிவு மாறாது என்றால்தான் இப்படித் தைரியமாகப் பிரிக்க முடியும். அதாவது, மூன்றாம் விதி. கூட்டலுக்கு அது பொருந்தும். சராசரிக்கு?

'ஏ' பிரிவில் 40 மாணவர்கள், சராசரி மதிப்பெண் 50. 'பி' பிரிவில் 10 மாணவர்கள், சராசரி 90. இரண்டு சராசரிகளுக்கும் சராசரி எடுத்தால் 70 வரும். ஆனால், 50 பேரின் மொத்த மதிப்பெண் 2,900. உண்மையான சராசரி 58. பள்ளிக் கணக்கில் 12 மதிப்பெண் பிசகு. கோடிக்கணக்கான பேருடைய தகவலைச் சேர்க்கும் நிறுவனத்தில் இதே பிசகு நடந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது; மென்பொருள் விழாது, தவறான எண்ணைச் சிரித்துக்கொண்டே காட்டும். நல் விபத்தைவிட இது மோசம். தீர்வு சுலபமானது. சராசரியைக் கடத்தாதீர்கள், மொத்தம், தலை எண்ணிக்கை இரண்டையும் ஜோடியாகக் கடத்துங்கள். ஜோடிகளை எந்த வரிசையில் கூட்டினாலும் சரிதான். கடைசியில் ஒரே ஒரு வகுத்தல். ட்விட்டர் பொறியாளர்கள் இந்த மாதிரி மோனாய்டுகளுக்கென்றே 'ஆல்ஜிபேர்ட்' என்று ஒரு தொகுப்பை உருவாக்கி, எல்லாரும் பயன்படுத்த வெளியிட்டார்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதையே ஒரு விளையாட்டாகக் கொடுத்துப் பார்க்கலாம். பள்ளியில் 20 பிரிவுகள். பள்ளியின் முதல் மதிப்பெண் வேண்டுமென்றால், ஒவ்வொரு பிரிவும் தன்னுடைய முதல் மதிப்பெண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் போதும். பள்ளியின் இரண்டாவது மதிப்பெண் வேண்டுமென்றால், ஒவ்வொரு சீட்டிலும் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்? இரண்டு சீட்டுகளை ஒன்றாக்க என்ன விதி? மாணவரே இல்லாத பிரிவு எப்படிச் சீட்டு அனுப்பும்?